பழைய டியூப் லைட் 600 இருக்கிறது: உடைத்து டிரம்மில் போடலாமா?

கேள்வி: பராமரிப்புப்பிரிவு

வணக்கம். அலுவலகக் கட்டடம் ஒன்றில் எல்லாத் தளங்களும் எல்இடிக்கு மாறுகின்றன. கழற்றிய டியூப் லைட்டுகள் சுமார் 600 சேர்ந்துவிட்டன. 36 வாட் டி8 கிட்டத்தட்ட 400, பழைய தடித்த 40 வாட் டி12 ஒரு நூறு, மெல்லிய 28 வாட் டி5 ஒரு நூறு. இதுபோக ஒரு பெட்டி சிஎஃப்எல். சோக், ஸ்டார்ட்டர், கண்டென்சர் எல்லாம் தனியே குவிந்து கிடக்கின்றன.

எல்லாத் தளமும் முடிந்தபிறகு ஒரே நடையாக வந்து எடுத்துக்கொள்வதாக மறுசுழற்சி நிறுவனம் சொல்கிறது. அதுவரை 2 மாதம் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்த ஆட்களோ, "உடைத்து 200 லிட்டர் டிரம்மில் போட்டு மூடிவிடலாம், இடமே எடுக்காது" என்கிறார்கள். இன்னொருவர், முனையில் இருக்கும் அலுமினிய மூடியை மட்டும் பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பையில் தள்ளலாம் என்கிறார்.

உடைத்தால் உண்மையில் என்ன ஆகும்? உடைக்காமல் என்றால் எப்படி அடுக்குவது? தவறி உடைந்தவற்றை என்ன செய்வது? சோக், கண்டென்சரை இதோடு சேர்க்கலாமா? எடுத்துப்போகிற நிறுவனம் ஒழுங்காகத்தான் செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1: பாதரசம்80

உடைக்க வேண்டாம், மூடியையும் பிடுங்க வேண்டாம். விளைவில் இரண்டும் ஒன்றுதான். மூடிக்குள் குழலின் காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்த ஒரு மெல்லிய கண்ணாடிக் காம்பு இருக்கிறது. மூடியைத் திருகினால் முதலில் முறிவது அதுதான். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. காம்பு முறிந்ததும் வெளிக்காற்று வேகமாக உள்ளே பாய்ந்து, குழலின் உட்புறம் பூசிய, பாதரசம் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் கிளப்பும். அந்தப் பொடி மூடியைப் பிடித்திருப்பவர் முகத்துக்கு வரக்கூடும்.

முதலில் இடக் கணக்கு. டி8 குழலின் விட்டம் 26 மி.மீ., நீளம் 1.2 மீட்டர். அட்டை உறையோடு ஒன்றுக்கு 30 மி.மீ. சதுரம் என்று வைத்தாலும் 400 குழலுக்கு அரைக் கன மீட்டருக்கும் குறைவுதான். டி12 நூறும் டி5 நூறும் சேர்ந்தாலும் மொத்தம் முக்கால் கன மீட்டரைத் தாண்டாது. 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலத்தில் ஒரு பலகையைப் போட்டு அடுக்கினால் இடுப்பளவு உயரம். இதை மிச்சம் பிடிக்கவா உடைக்கப் போகிறோம்?

இனிப் பாதரசக் கணக்கு. பிற்காலத்து மூவண்ணப் பவுடர் (சிவப்பு, பச்சை, நீல ஒளி தரும் பூச்சு) போட்ட டி8இல் 3.5 முதல் 5 மி.கி., பழைய வகைப் பவுடர் என்றால் 10 மி.கி. வரை. டி5இல் 2 அல்லது 3. பழைய டி12இல் 20 முதல் 40 வரைகூட இருக்கும். உங்கள் குவியலில் மொத்தம் 4 முதல் 8 கிராம். அதில் ஏறக்குறையப் பாதி அந்த நூறு டி12இல்தான் இருக்கிறது. எண்ணிக்கையில் ஆறில் ஒரு பங்கு, பாதரசத்தில் பாதி. ஆகவே முதலில் அட்டையில் ஏற வேண்டியவை அவைதான். யாரும் கைவைக்காத மூலையில் தனியாக வையுங்கள்.

"உடைத்துப் பார்த்தோம், பாதரசமே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். 5 மி.கி. பாதரசம் முழுவதும் ஒரே துளியாகத் திரண்டாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு, கடுகைவிடச் சிறியது. பல ஆயிரம் மணி நேரம் எரிந்த குழலில் அந்தத் துளியும் இருக்காது. பெரும்பகுதி வெள்ளைப் பவுடரிலும் கொஞ்சம் கண்ணாடியின் உட்பரப்பிலும் ஒட்டிப்போயிருக்கும். கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தூள். தட்டினால் பறக்கும், துணியில் ஒட்டும், அங்கிருந்து நாள்கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். நியூ ஜெர்சியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், உடைந்த குழல்கள் இரண்டு வாரத்தில் தம் பாதரசத்தில் 17 முதல் 40 விழுக்காடு வரை காற்றில் விட்டன. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் 8 மணி நேரத்திலேயே போய்விட்டது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும்: 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 மி.கி. பாதரச ஆவியைத் தாங்கும், 30 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கும் மேல். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் டிரம்மை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுக்கும் முறை:

மின்சாரத்தை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டுக் கழற்றுங்கள். சூடான குழலில் ஆவியாக இருக்கும் பாதரசம் அதிகம், அப்போது உடைந்தால் உடனே மூக்குக்கு வரும். நடுவில் பிடித்து முறுக்கக் கூடாது. இரண்டு முனைக்கும் அருகில் பிடித்து 90 டிகிரி சேர்ந்தாற்போல் திருப்பி, நேராகக் கீழே இறக்குங்கள். சிஎஃப்எல்லை பிளாஸ்டிக் அடிப்பகுதியில் பிடித்துத் திருகுங்கள், கண்ணாடிச் சுருளைத் தொட வேண்டாம்.

புது எல்இடி வந்த அட்டைப் பெட்டிகளே போதும், நீளம் பெரும்பாலும் பொருந்தும். பெட்டியை நிறைத்து வையுங்கள். அரைகுறையாக விட்டால் ஆடி ஆடி முனை முறியும், இடைவெளியைக் கசக்கிய தாளால் அடைத்துவிடுங்கள். பத்துப் பத்தாக டேப் சுற்றிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கட்டும்போது ஒன்றும் ஆகாது, மறுசுழற்சி ஆலையில் டேப்பை உரிக்கும்போது இரண்டு மூன்று நொறுங்கும். படுக்கை வாட்டில், இடுப்புக்கு மேல் போகாமல், பூட்டக்கூடிய, ஏசி குழாய் செல்லாத, ஜன்னல் உள்ள அறை. பெட்டியின் மேல் "பழைய விளக்கு, பாதரசம், உடையும்" என்று எழுதி, எண்ணிக்கையும் தேதியும் போடுங்கள்.

எல்இடி டியூப் இதில் கலந்துவிடக் கூடாது. உருவம் ஒன்றாக இருப்பதால் கலப்பது சாதாரணமாக நடக்கிறது. பாதரசம் உள்ள பல விளக்குகளில் வட்டத்துக்குள் எச்ஜி என்ற ரோமன் எழுத்துகளை அச்சிட்டிருப்பார்கள். பின்பக்கம் அலுமினியப் பட்டையோ பிளாஸ்டிக் உடலோ இருந்தால் எல்இடி.

பதில் 2: ஈரத்தாள்

தவறி உடைந்தால் செய்ய வேண்டியதை அச்சடித்து அந்த அறைக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். உடைந்த பிறகு தேட நேரம் இருக்காது.

எல்லோரும் வெளியே. ஜன்னல்களைத் திறந்து, கட்டடத்துக்குள் போகிற கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்திவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். காலடியில் பொடியை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு. கெட்டி அட்டைத் துண்டு இரண்டை எடுத்து ஒன்றால் தள்ளி மற்றொன்றில் வாருங்கள். தங்கிய சில்லுக்கும் பொடிக்கும் அகல டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். கடைசியாக ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாளையும் அட்டையையும் டேப்பையும் கையுறையையும் ஒன்றாகவே போடுங்கள். சின்ன அளவு என்றால் உலோக மூடி போட்ட கண்ணாடி ஜாடி நல்லது. அமெரிக்காவின் மேயின் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2008இல் சிஎஃப்எல்லை உடைத்துச் செய்த சோதனைகளில் பாலித்தீன் பைகள் ஆவியைச் சரியாகத் தடுக்கவில்லை, ஜாடிதான் தாங்கியது. பை மட்டுமே இருந்தால் இரண்டு பை போட்டு, கட்டடத்துக்கு வெளியே நிழலில் வைத்துவிடுங்கள்.

துடைப்பம் வேண்டாம், வேக்யூம் கிளீனர் வேண்டவே வேண்டாம். அதன் சூடான காற்று பொடியிலிருந்து ஆவியைப் பிரித்து அறை முழுக்க ஊதும். பிறகு அந்த எந்திரத்தைப் போடும் போதெல்லாம் அதே கதை. பிளீச்சிங் திரவம் ஊற்றுவதையும் தவிருங்கள், குளோரின் பாதரசத்தோடு வினைபுரியும். கழுவி நீரைச் சாக்கடையில் விடுவது சிக்கலை இடம் மாற்றுவது மட்டுமே.

பொடி பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், அதே கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

பீதியும் வேண்டாம். 4க்கு 3 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், அதாவது 36 கன மீட்டர். ஒரு டி8இன் 3.5 மி.கி. முழுவதும் ஒரே நேரத்தில் ஆவியானாலும் கன மீட்டருக்கு 0.1 மி.கி. அமெரிக்கத் தொழில்நலக் கழகம் ஒன்று 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் அளவு 0.025. முழுவதும் ஆவியாகவும் ஆகாது, ஜன்னலும் திறந்திருக்கிறது. ஒரு குழலுக்கு மேலே சொன்ன சுத்தமே போதும். மூடிய அறையில் அடுக்கே சரிந்து ஐம்பது உடைந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது கதவைச் சாத்திவிட்டு, பாதரச ஆவிமானியும் அதற்கான வடிகட்டிப் பெட்டி போட்ட முகமூடியும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். சாதாரண என்95 பொடியைத்தான் நிறுத்தும், ஆவி அதற்குள் தாராளமாகப் போகும்.

பதில் 3: டிரம்மேல்_எந்திரம்

மேலே சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. டிரம்மின் வாயில் பொருத்தும் கிரஷர் எந்திரங்கள் இதற்கென்றே இருக்கின்றன. குழலை ஒரு துவாரத்தில் செருகினால் உள்ளே சங்கிலி அடித்து நொறுக்கும், உறிஞ்சிய காற்று ஹெப்பா வடிகட்டிக்கும் கார்பனுக்கும் போகும். 200 லிட்டர் டிரம்மில் ஆயிரத்துக்கு மேல் 4 அடிக் குழல்கள் அடங்கும். பெரிய வளாகங்களுக்கு இது உதவும். உடைப்பதே பாவம் என்கிற மாதிரிப் பேச வேண்டியதில்லை.

பதில் 4: பாதரசம்80

எந்திரம் இருப்பது உண்மை. ஆனால் கேட்டவரின் ஆட்கள் சொல்வது அந்த எந்திரம் அல்ல, சுத்தியலும் திறந்த டிரம்மும்.

எந்திரத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த கருவிகள் எல்லாமே கொஞ்சமாவது பாதரசத்தை வெளியே விட்டன. நிறைந்த டிரம்மை மாற்றுகிற அந்தச் சில நிமிடங்களில்தான் அளவு உச்சத்துக்குப் போனது. ஹெப்பா பொடியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்குக் கந்தகமோ அயோடினோ ஏற்றிய கார்பன் வேண்டும், அதையும் எத்தனை குழலுக்கு ஒரு முறை மாற்றுவது என்ற கணக்கை விடாமல் பின்பற்ற வேண்டும். 600 குழலுக்கு ஓர் எந்திரத்தை வரவழைத்து, ஆளைப் பழக்கி, தனி அறை ஒதுக்குவதற்கு அட்டைப்பெட்டி எவ்வளவோ மேல். அதோடு, நொறுக்கிய கலவையை எல்லா மறுசுழற்சி ஆலையும் வாங்காது. முதலில் அவர்களைக் கேளுங்கள்.

பதில் 5: வாலைவடி

ஆலைக்குள் நடப்பதைச் சொன்னால் முழுக் குழலை ஏன் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

நேரான குழலுக்கு இரண்டு வழி. ஒன்று, சுடரால் சூடேற்றி உடனே குளிரவைத்து இரு முனைகளையும் வெட்டி எடுத்து, நடுக்குழலுக்குள் காற்றை ஊதிப் பவுடரைத் தனியே வெளியேற்றுவது. கண்ணாடி கலப்பில்லாமல் சுத்தமாகக் கிடைக்கும், மறுபடி விளக்குக் குழலாக வார்க்கக்கூட ஆகும். பவுடரும் கண்ணாடித் தூள் சேராமல் வரும். உடைந்த குழலை இந்த எந்திரத்தில் போடவே முடியாது. மற்றது, உள்ளழுத்தம் குறைத்த மூடிய அறையில் எல்லாவற்றையும் நொறுக்கிச் சல்லடை, காந்தம், காற்றோட்டம் மூலம் கண்ணாடி, உலோகம், பவுடர் என்று பிரிப்பது. சிஎஃப்எல்லும் உடைந்ததும் இதற்குத்தான் போகும். கிடைக்கும் கண்ணாடியில் பழைய காம்புகளின் ஈயக் கண்ணாடியும் கலந்திருக்கும் என்பதால் கண்ணாடிக் கம்பளி, மெருகுப்பூச்சு போன்ற கீழ்நிலைப் பயன்களுக்கே பெரும்பாலும் செல்லும்.

பவுடர் அடுத்து வாலைக்கு, அதாவது சூடேற்றி ஆவியாக்கி வடிக்கும் கலனுக்கு. பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், ஆனால் பவுடரில் ஆக்சைடாகவும் பிற சேர்மங்களாகவும் பிணைந்திருப்பதைப் பிரிக்க 500, 600 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் சூடேற்றுவார்கள். வெளியேறும் ஆவியைக் குளிர்வித்தால் திரவப் பாதரசம், மிச்சக் காற்று கார்பன் வழியாக. யாராவது முன்யோசனையாகப் பெட்டிக்குள் கந்தகப் பொடி தூவி அனுப்பினால் அது எங்களுக்கு உபத்திரவம். சல்பைடாக மாறியதைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும், கந்தகப் புகை வேறு. சிந்திய இடத்தில் ஒரு சிட்டிகை பரவாயில்லை, பெட்டிக்குள் வேண்டாம்.

பாதரசம் போன பவுடரில் இட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் என்ற அருமண் உலோகங்கள் இருக்கின்றன. சிவப்பு ஒளி தரும் இட்ரியம் ஆக்சைடு அமிலத்தில் எளிதாகக் கரையும். பச்சைக்கான லாந்தனம் பாஸ்பேட்டுக்குக் காரத்தோடு உருக்க வேண்டும். பிரான்சில் சோல்வே என்ற வேதிப்பொருள் நிறுவனம் இதை 2012இல் ஆலையாகவே தொடங்கி, அருமண் உலோக விலை சரிந்ததால் 2016இல் நிறுத்திவிட்டது. ஆகவே "பவுடரிலிருந்து எல்லா உலோகத்தையும் எடுக்கிறோம்" என்று ஒரு சிறு நிறுவனம் சொன்னால் எங்கே, எப்படி என்று கேளுங்கள்.

சரிபார்க்க எடைக் கணக்கு எளிது. ஒரு டி8 ஏறக்குறைய 200 கிராம். ஆயிரம் குழல் 200 கிலோ. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கண்ணாடி, பவுடர் 4 முதல் 6 கிலோ, மிச்சம் பெரும்பாலும் அலுமினியம். பாதரசம் 10 கிராம்கூட வராது. சான்றிதழில் வாங்கிய எண்ணிக்கையும் எடையும் இருக்க வேண்டும், பவுடர் எந்த வாலைக்குப் போனது என்ற பெயரும் இருக்க வேண்டும். கண்ணாடியும் அலுமினியமும் விற்றதற்குக் கணக்குக் காட்டிவிட்டுப் பவுடரைப் பற்றி வாய் திறக்காதவரிடம் கொடுக்காதீர்கள். விலை போவது அந்த இரண்டும்தான், பவுடர் அவருக்குச் செலவு. கைவிடத் தோன்றுவதும் அதைத்தான். எடுத்த பாதரசம் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உபரிப் பாதரசத்தைச் சல்பைடாக மாற்றித்தான் நிரந்தரமாக அடக்க வேண்டும்.

இன்னொன்று: பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக உடன்படிக்கையான மினமாட்டா உடன்படிக்கையின்படி பொது வெளிச்சத்துக்கான இந்தக் குழல்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027க்குள் முடிவுக்கு வருகின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் கழற்றுவதால் ஆலைகளில் வரிசை நீளும். 2 மாதம் என்று சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 6: சோக்கும்_கண்டென்சரும்

சோக்கும் ஸ்டார்ட்டரும் பாதரசக் கழிவு அல்ல, குழலோடு சேர்க்காதீர்கள். இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் உள்ள பழைய சோக் உலோகக் கழிவு. எலக்ட்ரானிக் சோக் மின்னணுக் கழிவு.

கவனம் தேவைப்படுவது கண்டென்சருக்கு. 1970களிலும் அதற்கு முன்பும் செய்த உலோக டப்பா கண்டென்சர்களுக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். சில நாடுகளில் சோக் டப்பாவுக்குள்ளேயே அந்தக் கண்டென்சர் அடைத்திருக்கும். 'பிசிபி இல்லை' என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி. அச்சு இல்லை, தேதி இல்லை, பார்த்தாலே பழையது என்றால் பிசிபி உள்ளதாகவே வைத்துத் தனியே மூடிய வாளியில் போடுங்கள். பிசுபிசுவென்று எண்ணெய் கசிந்திருந்தால் நைட்ரைல் கையுறை போடுங்கள், ரப்பர் கையுறையை அது ஊடுருவும். எதையும் தொடுமுன் முனைகளை ஒரு மின்தடை வழியாக இணைத்து மிச்ச மின்னேற்றத்தை இறக்கிவிடுங்கள்.

டியூப் குத்தினால் புண் ஆறாது என்று ஒப்பந்த ஆட்கள் சொல்லக்கூடும். அது பெரிலியம் கலந்த பவுடர் இருந்த காலத்துப் பேச்சு. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1949இலேயே அதைக் கைவிட்டார்கள். இப்போது சில்லை எடுத்து, பொடி போக ஓடும் நீரில் நன்றாகக் கழுவிக் கட்டுப் போட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்: பராமரிப்புப்பிரிவு

விளக்கங்களுக்கு நன்றி. பெட்டி ஒன்றில் ஏற்கெனவே சில குழல்கள் உடைந்திருக்கின்றன, ஆட்டினால் சில்லுச் சத்தம் கேட்கிறது. பிரித்து நல்லதைத் தனியே எடுக்கலாமா? கைகழுவும் இடத்திலிருந்து கழற்றிய கிருமிநாசினி யூவி குழல்கள் நான்கும் இருக்கின்றன, அவற்றில் வெள்ளைப் பவுடரே இல்லை.

பதில் 7: ஈரத்தாள்

பெட்டியைப் பிரிக்காதீர்கள். உள்ளே நல்லது நாலு இருந்தாலும் அவற்றின் மேலெல்லாம் பொடி படிந்திருக்கும். மூலைகளையும் கைப்பிடித் துளைகளையும் டேப்பால் அடைத்து, பெட்டியோடு தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, "உடைந்தது" என்று எழுதித் தனியாக வையுங்கள். முடிந்தால் இறுக மூடும் உலோக டிரம்மில் வையுங்கள், டிரம் பயன்படுகிற இடம் இதுதான். ஆலைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தப் பெட்டி வேறு வரிசையில் போகும்.

பதில் 8: வாலைவடி

யூவி குழலில் பவுடர் இல்லை என்பதால் பாதரசம் இல்லை என்று ஆகாது. பவுடர் போட்ட குழலிலும் உள்ளே உண்டாவது அதே 254 நானோமீட்டர் கதிர்தான், அதை வெளிச்சமாக மாற்றத்தான் பவுடர். இதில் பாதரசம் ஒட்டிக்கொள்ளப் பவுடர் கிடையாது. ஆகவே துளியாகவோ, அமால்கம் (வேறு உலோகத்தோடு கலந்த பாதரசம்) என்றால் முனைக்கருகே சாம்பல்நிறப் பொட்டாகவோ தனியே தங்கும். உடைந்தால் துளி உருண்டோடும், இடுக்கில் புகுந்தால் எடுப்பது கடினம். பல குழல்கள் குவார்ட்ஸ் என்பதால் சாதாரணக் கண்ணாடியோடு ஆலை கலக்காது. நான்கையும் தனி உறையில் போட்டு "யூவி" என்று எழுதிக் கொடுங்கள். கொடுக்குமுன் எரிகிறதா என்று வெறுங்கண்ணால் சோதித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.